திரையை அணைத்துவிட்டு எழுதிய பட்டியல்

எங்கள் அலுவலகத்துக்கு ஜன்னல் கிடையாது. கிளிநொச்சியை விட்டு வந்த இரண்டாவது மாரியில், துணுக்காய்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் மூன்று வகுப்பறைகளில் இருந்தோம். அரைச்சுவர், அதற்கு மேல் வெளி, அதற்கு மேல் கிடுகுக் கூரை. அப்படிப்பட்ட கட்டடத்துக்குள் இருந்துகொண்டு, ஒரு கணினித் திரையில் ஜன்னல்களை எங்கே வைப்பது, எதை முன்னால் நிறுத்துவது என்று மூன்று மாதம் வேலை நடந்தது. வேலை செய்தது நானல்ல, ஒரு பெண்பிள்ளை. நான் பக்கத்தில் இருந்து விதி சொன்னவன். விதி சொல்வதில் எனக்கு அப்போது இருபத்தொன்பது வருடப் பழக்கம். அரசாங்க விதிப்புத்தகமான தாபனக் கோவையில் எந்த அத்தியாயத்தில் எந்தப் பந்தி என்று நித்திரையில் கேட்டாலும் சொல்வேன். அந்தத் திறமையால் வன்னியில் யாருக்கும் ஒரு பிடி அரிசி கூடுதலாகக் கிடைத்ததில்லை. கொடுக்காமல் விட்டதற்குச் சரியான காரணம் மட்டும் எப்போதும் கோப்பில் இருந்தது.

நான் நிவாரணக் கிளைக்குப் பொறுப்பு. இரண்டு பட்டியல்கள் என் கையில் இருந்தன. ஒன்று உலர் உணவு பெறும் குடும்பங்களின் பட்டியல், ஊர் ஊராகப் பிரித்தது. சனம் ஒரு இடத்தில் நிற்காததால் அந்தப் பட்டியலும் நிற்காது. கண்டாவளையில் பதிந்த குடும்பம் அடுத்த மாதம் விசுவமடுவில் இருக்கும், அதற்கடுத்த மாதம் எங்கள் வாசலில் நிற்கும். போனவர்களைப் பழைய ஊரில் வெட்டிப் புதிய ஊரில் சேர்ப்பதுதான் வேலையில் முக்கால்வாசி.

மற்றது, இராணுவம் வைத்திருந்த வவுனியாவுக்கு அனுப்பும் நோயாளர் பட்டியல். எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் செய்ய முடியாத சத்திரசிகிச்சைக்கு டாக்டர் கடிதம் கொடுப்பார். கடிதங்களைச் சேர்த்து நாங்கள் பட்டியல் தயாரிப்போம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை, புதன்கிழமை, நோயாளர்கள் சண்டைக்கோட்டில் பாதை திறக்கும் இடத்துக்குப் போவார்கள். பட்டியலில் பெயர் இருந்தால் அங்கால் போகலாம். இல்லாவிட்டால் வந்த வழியே திரும்பலாம். துவக்கு வைத்திருந்த இரண்டு பக்கமும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்ட ஒரே கடதாசி நான் கையெழுத்திட்டது என்று அந்தக் காலத்தில் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

கணினி ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் போகும்போது விட்டுவிட்டுப் போனது. பழசு. நினைவகம் எட்டு மெகாபைட். மவுஸின் இடப்பக்கப் பொத்தான் செத்திருந்தது. புது மவுஸ் ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். வன்னிக்குள் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் மவுஸ் இல்லை, அனுமதிக்கப்பட்ட பொருட்களின் பட்டியலிலும் இல்லை, ஆகவே முடிவெடுக்க விதி இல்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிலை நான் மெச்சினேன். நானே எழுதியிருக்கக்கூடிய பதில்.

மின்சாரத்துக்குக் கூரையில் இரண்டு சூரியத் தகடுகள், கீழே ஒரு லொறிப் பற்றறி. நல்ல வெயில் எறித்தால் கணினி இரண்டரை மணித்தியாலம் ஓடும். மாரி நாளில் ஒரு மணித்தியாலமே பெரிது. இதில் முதல் பதினொரு நிமிடம் திரை அலங்காரத்துக்கே போய்விடும். பின்னணியில் ஒரு பனிமலைப் படம், நிழல் விழுகிற பெட்டிகள், மினுங்கும் பொத்தான்கள். இவை எல்லாம் ஒவ்வொன்றாக வந்து உட்காரும்வரை உள்ளே வன்தட்டு அரைபட்டுக்கொண்டிருக்கும். வெளியே வரிசையில் சனம் நிற்கும்.

அந்தப் பெண்பிள்ளை பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் கணினி படித்துக்கொண்டிருந்தபோது இடம்பெயர்ந்து, படிப்பை அந்தரத்தில் விட்டுவிட்டுத் தாயோடு வந்தவள். எங்களிடம் தொண்டராகச் சேர்ந்தாள். வந்த இரண்டாம் நாள் பனிமலையைப் பார்த்துச் சிரித்தாள்.

“சேர், இது எழுதுற மேசைக்கு மேலை பூச்சாடி அடுக்கி வைச்ச மாதிரி. எங்களுக்கு மேசை மட்டும் காணும்.”

“மேசையை மட்டும் எடுக்க ஏலுமோ?”

“ஏலும். ஆனா நான்தான் அடிக்கோணும்.”

திரையில் திறக்கும் ஜன்னல்களை எங்கே வைப்பது, எது முன்னுக்கு வருவது, நாம் தட்டுகிற எழுத்து எந்த ஜன்னலுக்குப் போவது என்பதை ஒரு தனி நிரல் கவனிக்கிறது, அதற்கு விண்டோ மனேச்சர் என்று பெயர் என விளக்கினாள். எங்கள் அலுவலகத்தில் மூன்று மனேச்சர் பதவிகள் வெற்றிடமாக இருந்தன. மூவரும் கனடாவில். ஜன்னலுக்காவது ஒருவர் கிடைக்கட்டும் என்று அனுமதி கொடுத்தேன்.

கிணறு தோண்ட வந்த ஒரு வெளிநாட்டு எஞ்சினியர் விட்டுப் போன இறுவட்டில் இலவச இயங்குதளம் ஒன்று இருந்தது. அதற்குள் ஒரு சின்ன விண்டோ மனேச்சரின் மூல நிரலும் இருந்தது. அதையும் அவள் அப்படியே எடுக்கவில்லை. வரி வரியாகக் கடதாசியில் எழுதி, வேண்டாததை வெட்டினாள். பற்றறியில் இருக்கிற கொஞ்சத்தை யோசிப்பதற்குச் செலவழிக்கக் கூடாது, யோசிப்பதைக் கடதாசியில் செய்யவேண்டும் என்பது அவளுடைய விதி. விதி வைத்திருக்கும் ஆட்களை எனக்குப் பிடிக்கும். பிறகு நிரலைக் கணினி மொழிக்கு மாற்றுகிற வேலை. அது மணிக்கணக்கில் ஓடும். நடுவில் முகில் மூடினால் நின்றுவிடும். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

“எங்கடை சனம் வீடு கட்டுற மாதிரித்தான், சேர்,” என்றாள். “ஒவ்வொரு இடத்திலையும் பாதி.”

என்னைக் கவர்ந்தது அந்த நிரலின் ஒழுங்குக் கோப்பு. சாதாரண எழுத்தில் எழுதிய கோப்பு. ஒரு வரிக்கு ஒரு விதி. கரை எத்தனை புள்ளித் தடிப்பு, என்ன நிறம், எந்த விசையை அழுத்தினால் என்ன நடக்கும், எல்லாமே விதிகள். விதியை மாற்றினால் உடனே உலகம் மாறியது. இருபத்தொன்பது வருடத்தில் நான் அப்படி ஒரு கோவையைக் கண்டதில்லை. கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு சொல்லத் தொடங்கினேன். ஒரே நேரத்தில் இரண்டு ஜன்னலுக்கு மேல் கூடாது. ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. இடப்பக்கம் நிவாரணப் பட்டியல், வலப்பக்கம் நோயாளர் பட்டியல். பின்னணி கறுப்பு. எழுத்துப் போகும் ஜன்னலுக்கு மஞ்சள் கரை, மற்றதற்குச் சாம்பல். ஜன்னலின் மேலே பெயர் காட்டுகிற பட்டை வேண்டாம், இரண்டு வரி இடம் வீண்.

“பேர் எழுதிக் கிடக்கிறது நல்லம், சேர்.”

“ஏன் பிள்ளை? இடப்பக்கம் அரிசி, வலப்பக்கம் ஆஸ்பத்திரி. இதுக்குப் பேர்ப்பலகை வேணுமே?”

அவள் பட்டையை எடுத்துவிட்டாள்.

பொத்தான் செத்த மவுஸால் ஒரு ஜன்னலை அழுத்தித் தெரிவு செய்ய முடியாது. ஆகவே அம்புக்குறி எந்த ஜன்னலின் மேல் நிற்கிறதோ, தட்டுகிற எழுத்து அதற்கே போகும்படி வைத்தாள். வைத்துவிட்டு அவளுக்கே அது பிடிக்கவில்லை. “கை தட்டுப்பட்டாக் காணும் சேர், மற்றப் பட்டியலுக்குப் போயிடும்,” என்று சொல்லிக்கொண்டே இன்னொரு வரி சேர்த்தாள். எழுத்துப் போகும் ஜன்னல் மாறினால் கணினி ஒருமுறை ‘பீப்’ என்று கத்தும்.

எல்லாம் முடிந்தபோது திரை எட்டு வினாடியில் வந்தது. கறுப்பில் இரண்டு பெட்டிகள், ஒன்றுக்கு மஞ்சள் கரை. வேறொன்றும் இல்லை. வன்னிக்கு ஏற்ற அலுவலகம் என்று நினைத்தேன்.

அதற்கு மேல் ஒரு சேமிப்பை நானே கண்டுபிடித்தேன். மின்சாரத்தில் பாதிக்கு மேல் திரைதான் குடித்தது. நான் தட்டச்சு படித்து வேலைக்கு வந்தவன். என் கண் கடதாசியில் இருக்கும், விரல் தன் வேலையைப் பார்க்கும். ஆகவே பட்டியல்களைத் திறந்து வைத்துவிட்டுத் திரையை மட்டும் அணைத்துவிட்டுத் தட்டினேன். பற்றறி இரண்டு மடங்கு நேரம் நின்றது. பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சேர், கண்ணை மூடிக்கொண்டு சைக்கிள் ஓடுற மாதிரிக் கிடக்கு.”

“எனக்கு றோட்டுப் பாடம்.”

“றோட்டுக்கு உங்களைப் பாடமோ தெரியாது.”

சிரித்தேன். அந்த மாதத்தில் எங்கள் கிளை முடித்த வேலை அதற்கு முந்திய மூன்று மாத வேலைக்குச் சமம். பாராட்டுக் கடிதம் ஒன்று வந்தது. கோப்பில் போட்டேன்.

தொல்லை கொடுத்தது அந்தச் சத்தம். வன்னியில் அப்போது எல்லாருடைய காதும் வானத்தில்தான் இருக்கும். ஆளோடு கதைத்துக்கொண்டிருக்கும்போதும் ஒரு காது மேலே கேட்டுக்கொண்டிருக்கும். கணினி ‘பீப்’ என்றால் வரிசை முழுவதும் தலையை உயர்த்தியது. ஒருநாள் ஒரு பெண் கைக்குழந்தையோடு பங்கருக்கு ஓடி, படியில் சறுக்கி விழுந்தாள். அலுவலகத் தலைவர் வந்து, “உந்தக் கத்தலுக்கு ஒரு முடிவு காணுங்கோ,” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பிள்ளையிடம் நிறுத்தச் சொன்னேன்.

“நிப்பாட்டினா, மாறிப் போனது தெரியாது, சேர்.”

“மாறாமல் பாக்கிறது என்ரை பொறுப்பு.”

“அப்ப எழுத்திலை தாங்கோ.”

நான் கோபப்படவில்லை. சரியான நடைமுறை. கடதாசிக்குக் கீழே கார்பன் வைத்து எழுதினேன்: ‘கணினியின் ஒலி பொதுமக்களுக்கு இடையூறாக உள்ளதால் இன்று முதல் நிறுத்தப்படல் வேண்டும்.’ கையெழுத்து, பதவி, திகதி. அவள் ஒழுங்குக் கோப்பில் அந்தச் சத்தத்தின் வரிக்கு முன்னால் ஒரு குறி போட்டாள். குறி போட்டால் வரி இருக்கும், ஆனால் வேலை செய்யாது.

“அழிக்கேல்லை, சேர். தேவைப்பட்டா எடுக்கலாம்.”

அந்த நாட்களில்தான் விசுவமடுவிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கணவனுடைய ஆட்கள் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். மிளகாய்த் தோட்டத்தில் வேலை. மனைவிக்கு முப்பது வயது இருக்கும், இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் பல மாதமாகச் சுவரில் சாய்ந்து இருந்தே நித்திரை. கொழும்பு ஆஸ்பத்திரி சத்திரசிகிச்சைக்கு ஒரு திகதி கொடுத்திருந்தது. அந்தத் திகதிக்கு அங்கே நிற்க வேண்டுமானால் வரும் புதன்கிழமை பாதையைத் தாண்டியாக வேண்டும். டாக்டர் தன் கடிதத்தில் ‘தாமதிக்க முடியாது’ என்பதற்குக் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தார்.

கணவன் மனைவியைச் சைக்கிள் கரியரில் இருத்தி உழக்கி வந்திருந்தார். வாசல் படலையிலிருந்து எங்கள் வகுப்பறைக்கு நாற்பது அடி. அந்த நாற்பது அடியில் அந்தப் பெண் மூன்று முறை நின்றார்.

“ஐயா, எங்க வீட்டுக்காரி பேரு ஏறிருச்சுங்களா?”

“ஏறிட்டுது. பதினாலாம் நம்பர்.”

“ஒருக்கா பாக்கலாங்களா? நம்பாம இல்லைங்க. சும்மா, மனசுக்கு.”

பிள்ளை என்னைக் கேட்காமலே திரையைப் போட்டாள். அவர் எழுத்துக் கூட்டி மனைவியின் பெயரை வாசித்தார், பிறகு ஊரின் பெயரை. மனைவி அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“அட, நானும் டீவியில வந்துட்டேன். இனி செத்தாலும் பரவால்ல.”

“வாய மூடு, களுத.”

அந்தப் பெண் சிரித்தார். சிரிப்பு பாதியில் மூச்சாக மாறியது. பிள்ளை தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். நான் திரை எரிகிற நேரத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுதாமல் விடலாம் என்று யோசித்தேன். ஆனால் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை நோயாளர் பட்டியலை டாக்டரின் கையெழுத்துப் பட்டியலோடு ஒப்பிட்டேன். முப்பத்தாறு பெயர். சரி. செவ்வாய்க்கிழமை அச்சிட்டு அனுப்ப வேண்டும். பிள்ளைக்கு மலேரியா, வரவில்லை. காலையில் வெயில் குறைவு. நோயாளர் பட்டியல் வலப்பக்கம் தயாராகத் திறந்து கிடந்தது. அச்சுக்கு முன் இடப்பக்கத்தில் ஒரு சின்ன வேலை இருந்தது. ஒரு ஊரில் ஆறு குடும்பங்கள் இடம் மாறிவிட்டன, அவர்களை வெட்டவேண்டும். வரியின் எண்ணையும் ஒரு எழுத்தையும் தட்டினால் அந்த வரி போய்விடும். மேலிருந்து வெட்டினால் கீழே எண்கள் மாறும் என்பதால் அடியிலிருந்து மேலே வருவது முறை. கடதாசியில் அப்படியே எழுதி வைத்திருந்தேன்: ஐம்பத்திரண்டு, நாற்பத்தேழு, நாற்பது, முப்பத்தொன்று, இருபத்திரண்டு, பதினாலு. திரையை அணைத்தேன்.

நாற்பதைத் தட்டி முடித்தபோது கிபிர் விமானம் வந்தது.

வரிசையில் நின்றவர்கள் எங்கள் வகுப்பறைக்குள்ளாலேயே பின்பக்கப் பங்கருக்கு ஓடினார்கள். மேசைகள் இடிபட்டன. நான் விதிப்படி கடைசி ஆளாக வெளியேறினேன். பங்கருக்குள் முழங்கால் அளவு மழைத்தண்ணீர். இரண்டு குண்டு விழுந்தது, தூரத்தில். நிலம் ஒருமுறை தூக்கிப் போட்டது. யாரோ ஒரு கிழவர், “இது எங்களுக்கு இல்லை, ஒட்டுசுட்டானுக்கு,” என்று தபால் பிரிப்பவர் போலச் சொன்னார். இருபது நிமிடத்தில் வெளியே வந்தோம். வரிசை தன்பாட்டில் மறுபடி உண்டானது, முன்னுக்கு நின்றவர் முன்னுக்கு.

கடதாசியில் கிடுகுத் தூசி. தட்டிவிட்டேன். மவுஸ் மேசை விளிம்புக்கு வெளியே வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. எதுவும் அதனதன் இடத்தில் இருக்கவேண்டும் என்பவன் நான். எடுத்து மேசையில், வலப்பக்கமாக, நேராக வைத்தேன். திரையைப் போடவில்லை. பற்றறி இறங்குகிறது என்று இன்வேட்டரில் ஏற்கெனவே சிவப்பு விளக்கு வந்துவிட்டது. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். முப்பத்தொன்று. இருபத்திரண்டு. பதினாலு. சேமி என்ற கட்டளையையும் கொடுத்தேன். கணினி ஒரு சத்தமும் போடவில்லை.

அச்சிடுவதற்காகத் திரையைப் போட்டேன். மஞ்சள் கரை வலப்பக்கம் இருந்தது. அச்சிடவேண்டியதும் வலப்பக்கம்தான். எல்லாம் தயாராக நிற்கிறது என்று திருப்திப்பட்டேன். அச்சிடும்போது தொடரிலக்கத்தைக் கணினியே போடும். ஆகவே வந்த கடதாசியில் ஒன்று முதல் கடைசிவரை ஒரு இடைவெளியும் இல்லை. வெட்டின இடம் தெரியவில்லை.

அந்தப் பட்டியலுக்கு அடியில் இரண்டு கையெழுத்து வேண்டும். ‘தயாரித்தவர்’, ‘சரிபார்த்தவர்’. இரண்டும் வெவ்வேறு ஆட்களாக இருக்கவேண்டும், அனுப்புகிற நாளிலேயே பெயர்களை எண்ணவேண்டும் என்று சுற்றறிக்கை எழுதியவன் நான். சரிபார்க்கவேண்டிய பிள்ளை காய்ச்சலில். பட்டியலைக் கொண்டுபோகும் மோட்டார்சைக்கிள்காரர் வாசலில் இயந்திரத்தை நிறுத்தாமல் நின்றார், மண்ணெண்ணெயில் ஓடுகிற இயந்திரம், நிறுத்தினால் மறுபடி வராது. நேற்றுத்தானே எண்ணினேன் என்று இரண்டு இடத்திலும் நானே கையெழுத்துப் போட்டேன். பேனையை மட்டும் மாற்றினேன்.

வியாழக்கிழமை காலையில் விசுவமடுக்காரர் என் மேசைக்கு முன்னால் நின்றார்.

“பேரு இல்லைன்னுட்டாங்கய்யா.”

“எந்தப் பட்டியலைப் பாத்தவை?”

“அவங்க கையில இருந்ததுங்க. மூணு தடவ பாத்தாங்க. முப்பத்திமூணு பேருதானாம். எங்களோட இன்னும் ரெண்டு பேரையும் திருப்பிட்டாங்க. நம்ம கண்ணால பாத்தமேன்னு சொன்னேன். பெட்டியில பாத்தது செல்லாதாம்.”

மனைவி வெளியே பாலை மரத்தின் கீழ் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். உட்கார்ந்தால் எழும்ப முடியாது என்பதால் நின்றிருக்கவேண்டும்.

“மெசினிலை ஏதோ பிழை,” என்றேன். “நான் பாக்கிறன். அடுத்த பட்டியலிலை முதலாம் நம்பர்.”

“அதுக்குள்ள ஆஸ்பத்திரித் தேதி போயிருமேங்க.”

“புதுத் திகதி கேட்டு எழுதுறன்.”

“எழுதுங்கய்யா,” என்றார். அவருக்கு என்மேல் நம்பிக்கை இருந்தது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

பிள்ளை வெள்ளிக்கிழமை வந்தாள், கண்கள் இன்னும் மஞ்சள். பட்டியலைச் சேமிக்கும்போது பழைய பிரதி ஒன்றைக் கணினி வைத்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவளுக்குக் கொஞ்ச நேரம்தான் எடுத்தது. முப்பத்தொன்று, இருபத்திரண்டு, பதினாலு. நிவாரணப் பட்டியலில் ஆறு குடும்பமும் அப்படியே இருந்தன, சேமித்தது அதை அல்லவே. அந்த ஆறு குடும்பமும் அம்முறை இரண்டு இடத்தில் அரிசி எடுத்தார்கள். முறைப்பாடு எதுவும் வரவில்லை.

“சேர், மவுஸ் எங்கை கிடந்தது?”

“கீழை தொங்கினது.”

“ஆர் எடுத்து வைச்சது?”

மேசையில் நேராகக் கிடந்த மவுஸைப் பார்த்தேன்.

“திரை?”

“அணைச்சிருந்தது.”

நான்காவது கேள்வி ஒன்று இருந்தது. அதை அவள் கேட்கவில்லை. ஒழுங்குக் கோப்பைத் திறந்து, அந்த ஒரு வரியின் முன்னால் இருந்த குறியை எடுத்துவிட்டு மூடினாள். என் அனுமதியைக் கேட்கவில்லை.

செய்யவேண்டிய எல்லாவற்றையும் நான் செய்தேன். டாக்டரிடம் மறு கடிதம். புதுத் திகதிக்கு வானொலித் தொடர்பில் செய்தி. அடுத்த பட்டியலில் முதலாம் இலக்கம், அடைப்புக்குறிக்குள் ‘மிக அவசரம்’. பட்டியலை நானும் பிள்ளையும் மூன்று முறை எண்ணினோம். திங்கட்கிழமை சண்டை தொடங்கிப் பாதை பூட்டப்பட்டது. புதன்கிழமை பட்டியல் என் மேசையிலேயே இருந்தது. அதற்கடுத்த புதன்கிழமைகளிலும் இருந்தது. நான் ஒவ்வொரு முறையும் திகதியை மாற்றி மறுபடி அச்சிட்டேன். அச்சு நாடா மங்கிக்கொண்டே போனது.

மூவர் திருப்பப்பட்டதற்கு மேலிடம் விளக்கம் கேட்டது. அறிக்கையை நான் சொல்லச் சொல்லப் பிள்ளை தட்டினாள்.

“‘கணினியில் ஏற்பட்ட கோளாறு காரணமாக’ எண்டு போடும்.”

“கணினியிலை எங்கை எண்டு கேப்பினம், சேர்.”

“‘புதிதாக நிறுவப்பட்ட விண்டோ மனேச்சரில்’ எண்டு போடும்.”

விரல்கள் ஒரு கணம் விசைகளின் மேல் நின்றன. பிறகு தட்டினாள். திரையைப் போட்டுவிட்டுத்தான் தட்டினாள். ஒரு எழுத்துப் பிழை இல்லை. அங்கீகாரமில்லாத அந்த நிரலை அகற்றும்படி உத்தரவு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. வந்தபோது ஒரு வரிக் கட்டளையில் அகற்றினாள். பனிமலை திரும்பி வந்தது. அவள் அந்த மாத முடிவில் வேலையை விட்டாள்.

ஆனால் அந்த உத்தரவு வருவதற்கு முன்னரே விசுவமடுக்காரர் இன்னொரு முறை வந்தார். கரியரில் ஆள் இல்லை. பாதை பூட்டிய ஐந்தாவது கிழமை அந்தப் பெண் செத்துவிட்டார், சுவரில் சாய்ந்தபடி, விடியலில், தேத்தண்ணி போட்டு எடுத்து வருவதற்குள்.

குடும்பத்தில் ஒருவர் இறந்தால் நிவாரண அட்டையில் ஆள் எண்ணிக்கையைக் குறைக்கவேண்டும். நால்வர் மூவராக வேண்டும். பிள்ளைகள் இரண்டு. அவர் அட்டை, கிராம அலுவலரின் கடிதம், இறப்புப் பதிவு, டாக்டரின் பழைய கடிதம் எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பைக்குள் ஒழுங்காக வைத்திருந்தார். அவ்வளவு பூரணமான ஆவணங்களோடு என் மேசைக்கு வந்தவர்கள் குறைவு. திருப்பி அனுப்ப எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

“இதாங்களா அந்த மெசினு?”

“ஓம்,” என்றேன்.

பக்கத்து மேசையில் பிள்ளை நோயாளர் கோப்பை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் திரையைப் போட்டேன். மஞ்சள் கரை வலப்பக்கம் இருந்தது, நோயாளர் பட்டியலில். அங்கே அவருடைய மனைவியின் பெயர் இன்னும் முதலாம் இலக்கத்தில் இருந்தது. இடப்பக்கம் போகவேண்டும். மவுஸை நகர்த்தினேன்.

கணினி ‘பீப்’ என்றது.

வரிசை முழுவதும் தலையை உயர்த்தியது. அவரும் அண்ணாந்து கிடுகைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“என்னங்க சத்தம்?”

“ஒரு பட்டியல்லை இருந்து மற்றதுக்குப் போனாக் கத்தும், அண்ணை,” என்றாள் பிள்ளை. “பிழையான இடத்திலை எழுதாமல் இருக்க.”

அவர் திரையில் இருந்த இரண்டு பெட்டிகளையும் பார்த்தார்.

“அன்னிக்கும் கத்துச்சுங்களா?”

பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்டைக்கு நிப்பாட்டி இருந்தது,” என்றேன்.

“ஏங்க?”

“சனம் பயப்பிடுது எண்டு.”

யார் நிறுத்தியது என்று அவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது. அவர் கேட்கவில்லை. வரிசையில் இன்னும் மேலே பார்த்துக்கொண்டிருந்த முகங்களைத் திரும்பிப் பார்த்தார்.

“ஆமாங்க,” என்றார். “பயமாத்தான் இருக்கு.”

நான் நாலை மூன்றாக்கினேன். பிறகு வலப்பக்கம் போய் முதலாம் வரியை வெட்டினேன். அதற்கும் ஒருமுறை கத்தியது. அட்டையில் முத்திரை குத்திக் கொடுத்தேன். எண்ணிக்கை சரியா என்று அவர் பார்த்துக்கொண்டார், பொலித்தீன் பையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார், “வர்றேங்க” என்றார்.

அவர் படலையைத் தாண்டிய பிறகு பிள்ளை ஒரு கோப்பைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள். அந்தப் பெண்ணின் கோப்பு, மூடுவதற்காக. டாக்டரின் கடிதம், மறு கடிதம், நான் இரண்டு பேனையால் கையெழுத்திட்ட பட்டியலின் பிரதி, இறப்புப் பதிவு. கடைசியாக ஒரு கார்பன் பிரதி, நீலம் மங்கியது. ‘கணினியின் ஒலி பொதுமக்களுக்கு இடையூறாக உள்ளதால்.’ அதற்கும் தொடர்ச்சியாகப் பக்க எண் போட்டிருந்தாள். கோப்பில் சேரும் ஒவ்வொரு தாளிலும் கிளைப் பொறுப்பாளர் சுருக்கொப்பம் இடவேண்டும்.

“பக்க எண் பதினொண்டு, சேர்,” என்றாள்.

அந்தத் தாள் இந்தக் கோப்புக்கு உரியதல்ல என்று சொல்ல எனக்கு இரண்டு விதி தெரியும். இரண்டையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். பிறகு சுருக்கொப்பம் இட்டேன்.

“திகதியும் போடுங்கோ,” என்றாள்.

போட்டேன்.